ஒட்டுப்படத்தில் ஒரு பூச்சடை

ஸ்டுடியோவில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, குழந்தை கேமராவைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டால் என்ன செய்வது?" கிலுகிலுப்பை ஆட்டுங்கள் என்பேன். காக்காய் காட்டுங்கள் என்பேன். நான் கழுதை மாதிரி கத்தக்கூடச் செய்திருக்கிறேன். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு, இயல்பாக வருகிறது என்பார்கள். ஆனால் இத்தனையும் செய்தும் திரும்பாத பிள்ளை ஒன்று இருந்தது. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நேர்மையான பதில் அந்தப் பிள்ளைதான் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அப்போது கோலார் தங்கவயலுக்கு ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, கூரையில் பாதிக்குக் கண்ணாடி பதித்த ஸ்டுடியோ ஒன்றில் நான் வேலை பார்த்தேன். படம் எடுப்பது, அச்சுப் போடுவது, வெட்டுவது, ஒட்டுவது, அம்மைத் தழும்பைத் தூரிகையால் மறைப்பது எல்லாம் நான். திட்டுவது மட்டும் முதலாளி. மெட்ராஸில் தொழில் பழகியவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது நான் ஆரம்பித்தால் நன்றாக இருக்காது.

சுற்றிலும் எல்லோரும் தங்கத்துக்காகப் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஊரில் எங்கள் முதலாளி வெள்ளிக்கு அலைந்தார். அச்சுத்தாளில் வெள்ளிச் சத்து இருப்பது உங்களுக்குத் தெரியும். வெட்டிப் போட்ட துண்டு ஒன்றைக்கூடப் பெருக்கித் தள்ள விடமாட்டார். எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டி நிறைந்ததும் கொல்லையில் இரும்புச் சட்டி வைத்து எரித்து, சாம்பலைப் பொட்டலம் கட்டி மெட்ராஸுக்கு அனுப்புவார். உருக்கி வெள்ளி எடுக்க அங்கே ஆள் இருந்தது. கண்ணாடித் தகடுகளும் அப்படித்தான். அச்சுப் போட்டு முடிந்த தகட்டைச் சலவைச் சோடாத் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சுரண்டினால் படம் போய்விடும், வெறும் கண்ணாடி மிஞ்சும். அது லாந்தருக்குப் போகும். எங்கள் கடையில் எதுவும் வீணாகாது. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்தர் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். அவரிடம் படித்ததெல்லாம் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். வடாற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்தது வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள், சுரங்க ஷாஃப்டின் மேலே சுற்றுகிற சக்கரம், அரைத்துக் கொட்டிய மண்மேடு, அவ்வளவுதான். ஒரு நாளாவது பச்சையாக எதையாவது பார்க்கட்டும் என்று டீச்சர் மேலிடத்தில் மன்றாடி, ஒரு பங்குனி மாதத்தில் இருபத்தாறு பேரை ரயிலேற்றி பெங்களூர் லால்பாகுக்குக் கூட்டிப்போக அனுமதி வாங்கினார். படம் எடுக்க என்னையும் வரச் சொன்னார்.

அன்று காலை பிளாட்பாரத்தில் பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு டோக்கன் கொடுப்பார்கள். மேலே வந்ததும் திருப்பி வாங்குவார்கள். அதே மாதிரி எங்கள் பிள்ளைகளுக்கும் கொடு என்று டீச்சரைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் அவர்களை நன்றாக அறிந்தவர். அட்டைத் துண்டுகளில் நம்பர் எழுதி எடுத்துக்கொண்டே வந்திருந்தார். இருபத்தைந்து கழுத்துகளில் கட்டியாகிவிட்டது. ஓர் அட்டை கையில் மிஞ்சியது.

"அலமேலு எங்க? இன்னிக்குமா லேட்டு?" என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அலமேலுவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கும் அவள்தான் தினம் கடைசி. லைனில் தண்ணீர்த் தொட்டி முன்னால் விடியும்போதே குடங்கள் வரிசை பிடித்துவிடும். தன் வீட்டுக் குடத்துக்குக் காவலாக அந்த வரிசையில் நிற்பது அவள் வேலை. ஒரு நிமிஷம் வேறு பக்கம் பார்த்தால் குடம் பின்னால் போய்விடும் என்பதால், நகராமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை. அம்மா குப்பம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு லைன் லைனாகப் பூ விற்கிறவள்.

ரயில் ஊதுகிற நேரத்துக்கு அம்மாவும் மகளும் ஓடி வந்தார்கள். அலமேலுவின் தலையைப் பார்த்து மற்றப் பெண் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். உச்சியிலிருந்து சடை நுனிவரை பூத் தைத்திருந்தது. மல்லிகை மொட்டு ஒரு வரிசை, கனகாம்பரம் ஒரு வரிசை என்று கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கிற மாதிரி. பூக்காரி வீட்டுப் பிள்ளைக்கு எப்போதும் கிடைப்பது விற்று மிஞ்சிய வாடல்தான். அன்று ஒரு நாள் குப்பம்மா விற்க வைத்திருந்த பூ முழுவதையும் மகள் தலையில் தைத்துவிட்டாள். பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். டீச்சர் அதைக் கவனிக்காதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு அட்டையைக் கட்டினார்.

வண்டி நகர்ந்தபோது குப்பம்மா என் ஜன்னலோடு கூடவே ஓடி வந்தாள்.

"அண்ணா! சடை தெரியறாப்ல ஒண்ணு எடுத்துடுங்க! சாயங்காலம் வந்து சேர்றதுக்குள்ள வாடிப்பூடும்!"

நான் தலையாட்டினேன். நீர் மாற்றிக் குடிக்க விடாதீர்கள், பெரியவனைச் சின்னவனோடு உட்கார வைக்காதீர்கள் என்று ஆளுக்கு ஒன்று கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டல்தான். ஸ்டேஷன் கண்ணுக்கு மறைவதற்குள் மறந்துவிட்டேன்.

லால்பாகில் அந்தப் பிள்ளைகள் பட்ட சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியாது. புல்லைத் தடவிப் பார்த்தார்கள். மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். என்னிடம் இருந்தது கண்ணாடித் தகடு போடுகிற பழைய கேமரா. இருபத்தாறு பேரையும் ஒன்றாக நிறுத்தினால் முகங்கள் கடுகு மாதிரி வரும். அதனால் ரயில் ஜன்னலில் கொஞ்சம் பேர், கண்ணாடி மாளிகை முன்னால் கொஞ்சம் பேர் என்று பிரித்துப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். புளிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் கடைசியாக ஒன்பது பேரை ஒரு மரத்தடியில் புல் மேல் உட்கார வைத்தேன். ஓரத்தில் அலமேலு. அதுவரை எடுத்த எல்லாவற்றிலும் அவள் அசைந்து புகையாகப் போயிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். அவள் எனக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ பாப்பா, இந்தாண்ட பாரு!" என்றேன்.

டீச்சர் போய் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி வைத்தார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுப்பதற்குள் மறுபடியும் அந்தப் பக்கம். மூன்று தரம். என்னுடைய பிரசித்தி பெற்ற கழுதையும் கத்திப் பார்த்தது. எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் தலைகூட அசையவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தகடு மிச்சம் ஒன்றே ஒன்று. "சனியன், எப்படியோ போ" என்று சொல்லிக்கொண்டே லென்ஸ் மூடியைத் திறந்து மூடினேன். வாய்விட்டே சொன்னேன்.

திரும்பி வரும்போது ரயிலில் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எஸ்தர் டீச்சர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மிஷன் பங்களாவில் அறையை மறைக்க ஒரு மடக்குத் தட்டி இருக்கிறதாம். அங்கே இருக்கிற வெள்ளைக்காரத் துரைசானியின் ஊரிலிருந்து வந்த படங்களைப் பூவும் பறவையுமாக வெட்டி அதில் நெருக்கி ஒட்டியிருக்கிறார்களாம்.

"அந்த மாதிரி நம்ம பிள்ளைங்களை ஒட்ட முடியுமா? ரயில், கண்ணாடி மாளிகை, புளிச்சோறு எல்லாம். துண்டு துண்டா வேண்டாம். இன்னிக்கு ஒரு நாள் முழுக்க ஒரே இடத்துல இருக்கணும். பள்ளிக்கூடச் சுவர்ல மாட்டுவேன்" என்றார்.

முடியும் என்றேன். செய்து பார்த்ததே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

எப்படி வெட்டினேன், என்ன பசை என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள், விட்டுவிடுகிறேன். நாங்கள் அதற்கு ஒட்டுப்படம் என்று பெயர் வைத்தோம். பலகையின் அடியில் குறுக்காக ரயில். நடுவில் கண்ணாடி மாளிகை. அதன் படிகளிலும் மரக்கிளையிலும் ரயில் கூரை மேலும்கூடப் பிள்ளைகள். என் சர்வீஸில் அவ்வளவு சந்தோஷமாக நான் செய்த வேலை வேறு இல்லை. அலமேலுவை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தேன். முகமே இல்லாத ஒன்றை எங்கே வைப்பது? கடைசியில் வலது ஓரத்தில் ஒரு மரத்தடியில் ஒட்டினேன். வேலை முடிந்ததென்று தகடுகள் எல்லாம் சோடாத் தண்ணீருக்குப் போயின.

வைகாசியில் அலமேலு செத்துப்போனாள். ஐந்து நாள் காய்ச்சல். லைனில் அந்த மாதம் மூன்று பிள்ளைகள் போயின.

டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு, சட்டம் போடுவதற்காகக் கடையிலேயே இருந்த பலகை முன்னால் உட்கார்ந்தேன். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க மனசு ஒப்பவில்லை. பெற்றவள் வந்து பார்த்தால் என்ன ஆவாள்? எல்லார் பிள்ளையும் சிரிக்க, தன் பிள்ளை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மாதிரி இருந்தால் தாங்குவாளா? முந்தின வருஷம் பள்ளிக்கூட வாசலில் எடுத்த படத்தின் தகடு மட்டும், மிஷன் மறுபடி பிரதி கேட்கும் என்று சுரண்டாமல், கடையில் பத்திரமாக இருந்தது. அதில் அலமேலு சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அளவுக்குச் சின்னதாக்கி அச்சுப் போட்டேன். ஓரத்தில் இருந்த முதுகை ஈரத்துணியால் ஒற்றி உரித்தேன். உரிக்கும்போது பாவாடை நுனி கிழிந்தது. கிழிந்ததைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, முகமுள்ள அலமேலுவை அந்த இடத்தில் ஒட்டினேன். இணைப்பு எங்கே என்று தெரியாதபடி நிழல் போட்டேன்.

முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இப்பத்தான் உனக்குக் கை வந்திருக்கு" என்றார். எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

இதை நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான். கெட்ட எண்ணத்தில் தப்புச் செய்தால் கை கொஞ்சம் நடுங்கும், நிறுத்திக்கொள்ள ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். நல்ல எண்ணத்தில் செய்யும்போது கை நடுங்குவதில்லை. வேலையும் பிரமாதமாக வந்துவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குப்பம்மா வந்தாள். பலகை தயார் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். பூக்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பலகையைக் கண்ணாடிக் கூரைக்கு நேராகத் தூக்கி வைத்தேன். அவள் தொடாமல் விரலை மட்டும் மேலே நகர்த்திக்கொண்டு, இது எதிர் லைன் பையன், இது மைசூர் மைன்ஸ்காரங்க பொண்ணு என்று ஒவ்வொருவராகத் தாண்டி வந்தாள். விரல் வலது ஓரத்துக்கு வந்து நின்றது. அழுவாள், பிறகு கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"இது அன்னிக்கு எடுத்தது இல்லியேண்ணா" என்றாள்.

"ஏம்மா?"

"இந்தப் பாவாட போன வருசத்துது. தீவாளிக்கே சின்னதாப் பூட்ச்சின்னு கிழிச்சித் தலகாணிக்குப் போட்டேன். லால்பாக்குக்கு அவ கட்னது பச்சப் பாவாட."

"மொகம் நல்லா தெரியணும்னுதான்மா..."

"மொகம் எனக்குத் தெரியும்ண்ணா. பத்து வருசம் பாத்த மொகம். சடை எங்க? எடுக்கச் சொன்னனே. தலையாட்னீங்களே."

பிளாட்பாரம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் ஓடி வந்தது, கத்தினது, என் தலை ஆடினது எல்லாம். கேட்டதை நான் எடுக்கவே இல்லை என்றாலும் போகட்டும். தானாக வந்து விழுந்திருந்தது. அந்தப் பிள்ளை தன் சடையை முழுதாக எனக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரில் பூத் தைத்த பெண்களைக் கூட்டிக்கொண்டு மாதத்துக்கு இரண்டு குடும்பமாவது எங்கள் கடைக்கு வரும். பின்னால் நிலைக்கண்ணாடி வைத்துச் சடை தெரிய எடுத்துக் கொடுத்தவனே நான்தான். அப்படிப்பட்டவன்தான் அதை முதுகு என்று உரித்துப் போட்டேன்.

அந்த நேரத்தில் கொல்லையிலிருந்து புகை நாற்றம் வந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. முதலாளி முக்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்து கை கையாக அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுவந்தேன். பெட்டியில் பாதிதான் இருந்தது.

"பைத்தியமாடா உனக்கு?" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தவர், குப்பம்மாவைப் பார்த்ததும் நின்றார். அலமேலு போன விஷயம் அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

பெட்டியைப் பாய் மேல் கவிழ்த்தேன். ஆயிரம் துண்டுகள் இருக்கும். கை, கால், வானம், மரம், யார் யார் கல்யாணத்திலிருந்தோ வெட்டிய ஓரம். நான் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எரிந்த பாதியோடு போயிருந்தாலும் போயிருக்கும். "சடை தெரியற படத்த உரிச்சி இதுலதாம்மா போட்டேன்" என்றேன். குப்பம்மா எதிரில் உட்கார்ந்தாள். பூக் கட்டுகிற விரல்கள். அவள் நாலு பார்ப்பதற்குள் என்னால் ஒன்றுதான் பார்க்க முடிந்தது. பார்த்ததை ஒரு பக்கமாக வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள். வேண்டாத துண்டைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை.

"இதோ" என்றாள்.

கட்டைவிரல் அளவுகூட இல்லை. ஒரு சின்னப் பெண் புல்லில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு வழியாக இறங்கிய சடை தரையைத் தொட்டுக் கிடக்கிறது. குப்பம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நகர்ந்தாள்.

"கனகாம்பரம் எங்கண்ணா?"

"அந்தக் கலரு தகட்டுக்குத் தெரியாதும்மா. கருப்பாத்தான் வரும். முடியோட கலந்துபூட்ச்சி."

"எனக்குத் தெரியுது. ரெண்டு மல்லிக்கு நடுவுல கீது பாருங்க" என்றாள். துண்டைக் கண்ணுக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய், "இங்க ஒரு வரிச கோணலா கீது. ரயிலு ஊதிடப் போவுதுன்னு அவசரத்துல தெச்சது. 'போதும்மா, வலிக்குது'ன்னா. தலையில ஒரு குட்டு வெச்சேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

முதலாளி என்னைத் தனியாக இழுத்தார். "ஏண்டா, முதுகு காட்டற படத்த நம்ம கடையிலேர்ந்து எப்டிடா அனுப்பறது? மிஷன்ல என்ன சொல்லுவாங்க? இத அந்தம்மாகிட்ட குடுத்து அனுப்பு. பலகையில மொகம் தெரியறதே இருக்கட்டும்." அவர் சொன்னது ஒன்றும் அநியாயமில்லை. பலகை திங்கட்கிழமை போக வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு நான் ஒட்டியதுதான் அழகு. ஆனால் டீச்சர் கேட்டது அழகான படத்தை அல்ல, அந்த ஒரு நாளை. அந்த நாளுக்குள் நான் வேறு நாளிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

ஈரத்துணியை எடுத்து, போன வருஷத்து அலமேலுவின் மேல் வைத்தேன்.

முதலாளி என்னை அறையப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முக்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கிழிந்திருந்த பாவாடை நுனியை அவரே ஒன்றே ஒன்று முடியுள்ள தூரிகையால் சேர்த்துக் கொடுத்தார். அந்தக் கையை நான் இனி எங்கே பார்க்கப்போகிறேன்! நான் ஆர்வக்கோளாறில் கனகாம்பரம் இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கத் தூரிகையைத் தூக்கினேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தகடு பாக்காதத நீ பாத்த மாதிரி வரையாத. அந்தம்மாவுக்குத்தான் தெரியுதுல்ல, விடு."

அலமேலு பழைய இடத்துக்கே திரும்பினாள். குப்பம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது கேட்டாள்.

"அவ இன்னாத்தப் பாத்துக்கினு இருந்தாண்ணா?"

"தெரியலம்மா."

"நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

பாயில் கிடந்த துண்டுகளில் அலமேலுவைச் சுற்றி வெட்டிப் போட்ட பின்னணித் துண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். வெறும் இலைக் கறுப்பு. "எலதான் கீது" என்று கீழே வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

பலகையை மாட்டிய அன்று துரைசானி வந்திருந்தார். இந்தப் பெண் மட்டும் ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார். "அன்னிக்கு அவ அப்படித்தாம்மா உட்கார்ந்திருந்தா" என்றார் எஸ்தர் டீச்சர். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் குப்பம்மா கூடையோடு அந்தச் சுவர் முன்னால் வந்து நிற்பாள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பிறகு பள்ளிக்கூடம் இடம் மாறியது, டீச்சரும் மாற்றலாகிப் போனார். அந்தப் பலகை எங்கே போனதென்று யாரைக் கேட்டும் தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் படம் எடுத்தவன் நான். ஒரே ஒரு படத்தைத் திரும்பப் பார்க்கலாம் என்று வரம் கிடைத்தால் அதைத்தான் கேட்பேன். அலமேலுவின் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கோணல் வரிசை ஞாபகம் இருக்கிறது.

குப்பம்மா கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. யாரைப் படம் எடுத்தாலும், துணிக்குள் தலையை விடும்போதெல்லாம் அது காதில் விழுந்தது. நீங்க அங்கதான இருந்தீங்க? ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமரா இல்லாமல் வெறும் கையோடு ரயிலேறினேன். லால்பாகில் அந்த மரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கேமராவின் ஒரு காலை முண்டு கொடுத்து நிறுத்திய வேர் அப்படியே இருந்தது. நான் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். எதிரில் அடர்த்தியான புதர். இலைதான். அந்தத் துண்டுப் படத்தில் இருந்த அதே இலைக் கறுப்பு. பக்கத்தில் போய்ப் பார்த்தேன், சுற்றி வந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அலுத்துப்போய், அலமேலு உட்கார்ந்திருந்த இடத்தில் புல்லில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

என்னிடம் கேட்கிறீர்களே, பிள்ளை திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று. கழுதை மாதிரி கத்துங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தரம் அந்தப் பிள்ளை பக்கத்தில் போய், அது உட்கார்ந்திருக்கிற உயரத்தில் உட்கார்ந்து, அது பார்க்கிற பக்கம் நீங்களும் பாருங்கள். எனக்கு அன்று அதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். வெயில் அவ்வளவு சீக்கிரமா இறங்கிவிடப்போகிறது!

மறுநாள் குப்பம்மாவை ஸ்டேஷன் வாசலில் பிடித்தேன். கூடையை முன்னால் வைத்துக்கொண்டு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

"லால்பாக் போயிட்டு வந்தேன்மா. அவ உக்காந்த எடத்துல உக்காந்து பாத்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"பொதருக்கு அடியில எல இல்லாம கொஞ்சம் எடவெளி கீது. நின்னா தெரியாது. உக்காந்தாத்தான் தெரியும். அந்தாண்ட தண்ணி. பெரிய ஏரி."

"ஏரியா?"

"ஆமா. கர வரிக்கும் தண்ணி."

"கரையில எத்தினி பேரு?"

"யாரும் இல்லம்மா."

"கொடம்?"

"ஒரு கொடம்கூட இல்ல. தண்ணி சும்மாக் கெடக்குது."

வாழைநாரைப் பிடித்திருந்த விரல்கள் நின்றன. தலையைத் திருப்பி லைன் பக்கம், தண்ணீர்த் தொட்டி இருக்கிற பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மகள் செய்த குறும்பு ஒன்றைக் கேள்விப்பட்டவள் போல லேசாகச் சிரித்தாள்.

"அப்ப நீங்க எத்தினி தபா கூப்ட்டாலும் அவ திரும்பியிருக்க மாட்டாண்ணா" என்றாள்.